என்ன படிக்கலாம், என்ன கேட்கலாம்: ஒரு வாசகர் வட்டத்துக்குப் பதில்

கேள்வி இதுதான்: "எங்கள் வாசகர் வட்டத்தில் எட்டுப் பேர். மாதாமாதம் ஆளுக்கு இரண்டு மூன்று புத்தகம் சொல்கிறோம். பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துப் படிப்பது அபூர்வம். மூன்று பேர் இப்போது ஒலிநூல் மட்டும்தான் கேட்கிறார்கள். அது படிப்பில் சேருமா என்று ஒரு சண்டை வேறு. எங்களில் ஒருவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. எப்படிப் பரிந்துரைத்தால் புத்தகம் உண்மையிலேயே போய்ச் சேரும்?"

நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்போது பார்வையற்ற வாசகர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறேன். அதனால் இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பட்டியல். அதில் இருப்பவை எல்லாம் சொன்னவருக்குப் பிடித்த புத்தகங்கள். யாருக்காகச் சொன்னது என்ற விவரம் அதில் எங்கும் இல்லை. எட்டுப் பேரையும் பொதுவாகப் பார்த்துச் சொன்ன புத்தகத்தை "இது எனக்குச் சொன்னது" என்று ஒருவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் ஆரம்ப வருடங்களில் நானும் இதே தவறைச் செய்தேன். "நல்ல புத்தகமா ஒண்ணு கொடுங்க" என்று யார் வந்து கேட்டாலும், அந்த மாதம் என்னை ஆட்டிப்படைத்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிடுவேன். மூன்றாம் நாள் திரும்பி வரும். முப்பதாவது பக்கத்தில் ஓர் ஓரம் மடித்திருக்கும், அதற்கு மேல் தாள் புதிதாக இருக்கும். புத்தகம் மோசமில்லை, வந்தவரும் மோசமான வாசகர் இல்லை. நான்தான் எதுவும் கேட்காமல் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். புத்தகம் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி. கடைசியாக எந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தீர்கள்? எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள், எந்த இடத்தில்? இரண்டாவது கேள்விதான் பொக்கிஷம். பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் பலர் மரியாதையான பதில் ஒன்றைச் சொல்வார்கள். படித்திருக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கும் புத்தகம் அது. பாதியில் வைத்ததைப் பற்றிப் பேசும்போது யாரும் பாசாங்கு செய்வதில்லை. "முதல் அத்தியாயத்திலேயே பதினைந்து பேர் வந்துட்டாங்க", "ரெண்டு பேர் பேசிக்கிட்டே இருக்காங்க, ஒண்ணும் நடக்கலை", "குழந்தைக்கு அடி விழுற இடத்தோட மூடிட்டேன்." இந்த மூன்று வாக்கியங்களும் மூன்று வேறு வாசகர்களை அப்படியே காட்டுகின்றன.

நூலகத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931-ல் ஐந்து விதிகளை எழுதினார். அதில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றுதானே என்று தொடக்கத்தில் நினைத்தேன். இல்லை. இரண்டாவது விதிப்படி, ஆளைப் பார்த்துப் புத்தகத்தைத் தேடுகிறோம். மூன்றாவதில் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆளைத் தேடுகிறோம். உங்களைப் போல ஒரு புத்தகத்தை முடித்த கையோடு "இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்" என்று துடிப்பவர்களுக்கு மூன்றாவது விதிதான் வேலை. எட்டுப் பேரில் இது யாருடையது என்று யோசியுங்கள். ஒருவரைத் தேர்ந்து, பெயர் சொல்லி, அவரிடம் மட்டும் சொல்லுங்கள். மற்ற ஆறு பேரும் கேட்டுக்கொண்டிருந்தால் நல்லதுதான். அடுத்தவருக்குச் சொன்னதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வதில் வாசகர்களுக்குத் தனி ஆசை உண்டு.

ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு எளிய வழி சொல்லியிருக்கிறார். ஒரு புத்தகத்துக்குள் போக நான்கு வாசல்கள்: கதை, பாத்திரங்கள், களம், மொழி. எல்லாப் புத்தகத்திலும் நான்கும் இருக்கும், ஆனால் ஒன்றோ இரண்டோதான் பெரிய வாசல். வாசகருக்கும் அப்படித்தான், பழக்கப்பட்ட வாசல் என்று ஒன்று இருக்கும். அவர் பேசும் விதத்திலேயே அது தெரிந்துவிடும். "கீழே வைக்கவே முடியலை" என்பவர் கதை வழியாக நுழைகிறவர். "அந்தக் கிழவியை மறக்க முடியலை" என்றால் பாத்திரம். "அந்தத் தெருவுலயே குடியிருந்த மாதிரி இருந்துச்சு" என்றால் களம். வரிகளை நோட்டில் எழுதி வைக்கிறவருக்கு மொழி. மொழி வாசலைத் தேடுகிறவருக்கு விறுவிறுப்பான துப்பறியும் நாவலைக் கொடுத்தால் சலித்துக்கொள்வார். கதை வாசலில் நிற்பவருக்கு, ஒரு மழை நாளை நாற்பது பக்கத்துக்கு விவரிக்கும் நாவலைக் கொடுத்தால் அவரை இரண்டு மாதம் வாசிப்பிலிருந்தே விரட்டிவிடுவோம்.

இதை நான் ஒரு தோல்வியில் கற்றேன். ஒருவர் ஒரு போர் நாவலைப் படித்துவிட்டு உருகிப்போய் வந்தார். நான் இன்னும் இரண்டு போர் நாவல்களைக் கொடுத்தேன். இரண்டும் திரும்பி வந்தன. அன்றைக்கு உட்காரவைத்துப் பேசினேன். அவருக்குப் பிடித்தது அதில் வரும் இரண்டு நண்பர்கள். ஒருவன் சாகும்போது மற்றவன் அவனுடைய செருப்பைத் தேடி எடுத்து மாட்டிவிடும் இடம். போர் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பள்ளிக்கூடத்தில் தொடங்கி முதுமை வரை போகும் இரண்டு பெண்களின் நட்பைச் சொல்லும் நாவல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். நான்கு நாளில் முடித்துவிட்டு வந்தார்.

புத்தகம் விற்கும் தளங்கள் காட்டும் பரிந்துரைகளின் குறையும் இதுவேதான். அமேசானின் பொறியாளர்கள் தங்கள் முறையை 2003-ல் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்கள். அடிப்படை எளிது: இதை வாங்கியவர்கள் வேறு எதையெல்லாம் சேர்த்து வாங்கினார்கள் என்று பொருளோடு பொருளை ஒப்பிடுவது. எது எதோடு போகிறது என்று அதற்கு நன்றாகத் தெரியும். ஏன் போகிறது என்று தெரியாது. அந்த "ஏன்" உங்கள் எட்டுப் பேருக்குத்தான் தெரியும். அதனால் நட்சத்திரம் போடுவதை உங்கள் வட்டத்தில் விட்டுவிடுங்கள். ஐந்துக்கு நான்கு என்பதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நட்சத்திரம் கொடுத்து, "முழுக்க முழுக்க வீட்டு வேலை பற்றியே பேசுகிறது, கதை நகரவில்லை" என்று எழுதியிருந்தால், அந்தப் புத்தகத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று எனக்கு உடனே தெரிந்துவிடும்.

சரி, ஆளைத் தேர்ந்துவிட்டீர்கள். எப்படிச் சொல்வது? "அருமையான புத்தகம், கண்டிப்பாகப் படிக்கணும்" என்பதில் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "கண்டிப்பாக" என்ற சொல் ஒரு கடமையை வேறு தலையில் வைக்கிறது. நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "மூன்று தலைமுறைக் குடும்பக் கதை. முதல் எண்பது பக்கம் மெதுவாகத்தான் போகும், தாத்தாவின் காலம். பேத்தி வந்ததும் வேகம் பிடிக்கும். நீங்கள் அம்மாவும் பெண்ணும் மோதுகிற கதைகளை விரும்புவீர்கள் என்பதால் சொல்கிறேன். நடுவில் ஒரு தற்கொலை வருகிறது. நானூறு பக்கம். பயணத்தில் படிக்க வேண்டாம், விட்டு விட்டுப் படித்தால் உறவுமுறை குழம்பும்." ஆறேழு வாக்கியம்தான். இதில் மெதுவான இடத்தைச் சொன்னது ரொம்ப முக்கியம். எங்கே சிரமம் வரும் என்று முன்பே தெரிந்தவர் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார். தெரியாதவர் தனக்குத்தான் புரியவில்லையோ என்று மூடிவிடுவார்.

கதையை எவ்வளவு சொல்லலாம் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. 2011-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் 12 சிறுகதைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவை முன்பே சொல்லிவிட்டால் வாசகர்கள் அந்தக் கதைகளைக் கூடுதலாகவே ரசித்தார்கள் என்று வந்தது. 2015-ல் வேறு இருவர் செய்த ஆய்வு நேர் எதிராகச் சொன்னது. என் வழக்கம், முதல் கால்வாசியில் நடப்பதைத் தாராளமாகச் சொல்வது, அதற்கு மேல் வாயைத் திறக்காமல் இருப்பது. யாராவது "முடிவு சந்தோஷமா?" என்று கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். அப்படிக் கேட்பவர்களுக்கு அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

அந்தக் காரணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஓர் ஒலிநூலைச் சொன்னேன். அற்புதமான குரல், அற்புதமான நாவல். அதில் ஒரு மருத்துவமனைக் காட்சி வரும். ஒரு தாய் கடைசி மூச்சு விடும் இடம். அவருடைய அம்மா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் காட்சி நினைவுக்கு வரவில்லை. அவர் நடைப்பயிற்சியில் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். நடுவழியில் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதாக அப்புறம் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் மனது கனக்கிறது. அச்சில் இருந்தால், ஒரு பக்கத்தைத் திருப்பியதுமே கண்ணுக்குத் தெரிந்துவிடும், மருத்துவமனை, தாய், மூச்சு என்று. ஒரு பத்தியைத் தாண்டி அடுத்ததுக்குப் போகலாம். காது அப்படித் தாண்டாது. எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரியாது. நகர்த்தினால் அந்தக் காட்சியின் இன்னும் கொடுமையான இடத்தில் போய் விழவும் கூடும். ஆகவே ஒலிநூல் சொல்லும்போது சாவு, நோய், வன்முறை, குழந்தைகளுக்கு நேரும் கொடுமை, இவை எந்த அத்தியாயத்தில் வருகின்றன என்று சொல்லிவிடுங்கள். கதை ரகசியம் ஒன்றும் கெட்டுவிடாது.

இப்போது ஒலிநூலுக்கு வருகிறேன். ஒலிநூலைப் பரிந்துரைப்பது என்றால் இரண்டு பேரைப் பரிந்துரைப்பது: எழுதியவர், வாசிப்பவர். புத்தகத்தின் பெயரை மட்டும் சொல்வது பாதிப் பரிந்துரைதான். ஒரே நாவலுக்கு மூன்று பதிவுகள் இருக்கலாம். ஒன்று முழு நூல், ஒன்று சுருக்கம், இன்னொன்று பின்னணி இசையும் பல குரல்களுமாக நாடகம் போல ஆக்கியது. "ஒலிநூல்" என்ற பெயரில் வெறும் கதைச்சுருக்கத்தை யாரோ சொல்லிக்கொண்டு போவதும் உண்டு. உங்கள் நண்பர் எதைக் கேட்டார் என்று தெரியாமல் அதே புத்தகத்தைப் பற்றி விவாதித்தால், இரண்டு பேரும் வேறு வேறு புத்தகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள். 2005-ல் தொடங்கிய லிப்ரிவாக்ஸில் பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். அங்கே சில நூல்களை ஒருவரே முழுக்க வாசித்திருப்பார். சிலவற்றில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் குரல் மாறும். அது தெரியாமல் இறங்குகிறவர் ஐந்தாம் அத்தியாயத்தில் திகைத்துப்போவார். எனவே வாசிப்பவர் பெயர், மொத்த நேரம், முழு நூலா சுருக்கமா, ஒரு குரலா பல குரலா, இந்த நான்கையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள்.

தமிழில் ஒரு புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்பவருக்கு என்று சில கண்ணிகள் இருக்கின்றன. அவை தெரிந்தால் நல்ல வாசிப்பு எது என்று உங்கள் காதே சொல்லிவிடும். பக்கத்தில் பார்க்கும்போது மேற்கோள் குறியும் புது வரியும் பேசுகிற ஆள் மாறியதைக் காட்டிவிடும். காதுக்கு அந்த உதவி கிடையாது. "என்றான்", "என்றாள்" வருவதோ பேச்சு முடிந்த பிறகு. நாமோ எழுவாயை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள். வினைமுற்று வரும்வரை யார் வந்தது, யார் போனது என்றே தெரியாது. ஆகவே வாசிப்பவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே அது யாருடையது, எங்கே முடிகிறது என்று தெரிந்து தொடங்க வேண்டும். அதற்காகக் கிழவனுக்கு இருமல், குழந்தைக்குக் கீச்சுக் குரல் என்று நடிக்க வேண்டியதில்லை. சிறு நிறுத்தமும் குரலின் ஓர் ஏற்ற இறக்கமும் போதும். உரையாடலைப் பேச்சு வழக்கில் எழுதி, விவரிப்பை எழுத்து வழக்கில் வைத்திருக்கும் நாவலில் வாசிப்பவரின் தரம் அப்பட்டமாகத் தெரியும். பேச்சை மேடைத் தமிழாக்குகிறவர் இருக்கிறார். விவரிப்பையும் பேச்சாகக் குழைக்கிறவர் இருக்கிறார். இரண்டுமே நாவலைக் கெடுத்துவிடும்.

எழுத்திலும் ஒரு சிக்கல் உண்டு. "பாவம்" என்று எழுதியிருந்தால் அது புண்ணியத்துக்கு எதிரானதா, முகத்தில் காட்டும் பாவமா? எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முன்கூட்டியே படித்துப் பார்க்காமல் மைக் முன்னால் உட்காருகிறவர் இதில் தடுமாறுவார். கணினிக் குரல் இன்னும் அதிகமாகத் தடுமாறும். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகக் கேட்கும் வாசிப்பை என்னால் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்க முடிவதில்லை. ஆனால் கதை வாசல் வழியாக நுழையும் நண்பர் ஒருவர் அதைக் கவனிப்பதே இல்லை. ஆகவே உங்கள் காதை அளவுகோலாக வைத்து அடுத்தவருக்கு மறுத்துவிடாதீர்கள்.

மாதிரிக்குக் கேட்டுப் பார்க்கும்போது முதல் நிமிடத்தைக் கேட்காதீர்கள். முதல் நிமிடத்தை எல்லோரும் நன்றாகவே வாசிப்பார்கள். நடுவில் எங்காவது மூன்று பேர் பேசிக்கொள்ளும் காட்சிக்குப் போய் ஐந்து நிமிடம் கேளுங்கள். யார் பேசுகிறார்கள் என்று கஷ்டப்படாமல் தெரிந்தால், அந்தப் பதிவை நம்பலாம்.

எது காதுக்கு ஏற்றது? தன் கதையைத் தானே சொல்லும் நூல்கள் முதலிடம்: தன்வரலாறு, கடிதங்கள், "நான்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போகும் நாவல். ஒரு குரல் உங்களிடம் பேசுவதும் புத்தகமும் அங்கே ஒன்றாகவே இருக்கின்றன. வட்டார வழக்கில் எழுதிய கதைகள் பலருக்குப் பக்கத்தில் படிக்கத் தடங்கலாக இருக்கும். அந்த வழக்கு தெரிந்த ஒருவர் வாசித்தால் அந்தத் தடங்கல் கரைந்துவிடும். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிறுகதைகள் குறைந்த நேரம் உள்ளவர்களுக்கு நல்லது, ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்தது உடனே தொடங்கிவிடும். நிறுத்திவிட்டு மூச்சு வாங்கச் சொல்லுங்கள். நிறையப் பெயர், வரைபடம், அட்டவணை, அடிக்குறிப்பு உள்ளவை அச்சிலேயே இருக்கட்டும். கவிதையை மட்டும் என்னால் ஒரு பக்கம் சேர்க்க முடியவில்லை. சில கவிதைகள் காதில்தான் உயிர் பெறுகின்றன, சிலவற்றுக்கு வரியை உடைத்த இடம் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

கேட்கிறவர் எப்போது கேட்கிறார் என்பதையும் விசாரியுங்கள். பாத்திரம் கழுவும்போதா, வண்டியிலா, தூங்கும் முன்பா? தூங்கும் முன் கேட்பவருக்கு ஏற்கெனவே படித்த புத்தகத்தைச் சொல்லுங்கள். கண் அயர்ந்துபோனாலும் எதையும் தவறவிட்டோமே என்ற பதற்றம் இராது.

கேட்பது படிப்பில் சேருமா என்ற சண்டைக்கு வருகிறேன். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு வரலாற்று நூலின் பகுதிகளைச் சிலர் திரையில் படித்தார்கள், சிலர் கேட்டார்கள், சிலர் இரண்டையும் ஒன்றாகச் செய்தார்கள். உடனே சோதித்தபோதும் இரண்டு வாரம் கழித்துச் சோதித்தபோதும் மூன்று கூட்டத்துக்கும் புரிதலில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் 2010-ல் வந்த இன்னொரு ஆய்வு, பாடம் சார்ந்த ஒரு கட்டுரையை ஒலியாகக் கேட்ட மாணவர்கள், அதைப் படித்தவர்களைவிடத் தேர்வில் குறைவாக எழுதினார்கள் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இது: தொடர்ந்து செல்லும் கதையோ வரலாறோ காது வழியாகவும் முழுசாகவே உள்ளே போகிறது. திரும்பத் திரும்பப் பார்த்து மனதில் ஏற்ற வேண்டிய விஷயத்துக்குக் கண் தேவைப்படுகிறது. இது எந்த நூலை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வி மட்டுமே. அதை வைத்து ஆளுக்கு மதிப்பெண் போடக் கூடாது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஒலிநூல் என்பதே முதன்மையாகப் பார்வை இழந்தவர்களுக்காக வந்த ஏற்பாடு. பிரிட்டனில் 1935-ல் "பேசும் புத்தகங்கள்" தொடங்கியது முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களை மனதில் வைத்து. முதலில் வந்த சிலவற்றில் அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும் உண்டு. ஒரு நாவல் சுமார் பத்து இசைத்தட்டுகள் வரும். ஒரு பக்கம் 25 நிமிடம் ஓடும், அப்புறம் எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். அப்படித் தட்டுத் தட்டாக மாற்றி ஒரு நாவலை முடித்தவரிடம் போய் "நீங்கள் படிக்கவில்லை, கேட்டீர்கள்" என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வட்டத்திலும் பார்வை மங்கிக்கொண்டு வருகிறவர் இருக்கும்போது அந்தச் சண்டையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அவர் அதை வெறும் வாதமாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

படிப்பவர்களும் கேட்பவர்களும் சேர்ந்து ஒரே நூலைப் பேசுவதற்குச் சில நடைமுறைகள் உதவும். பக்க எண் சொல்லாதீர்கள், அத்தியாய எண் சொல்லுங்கள். கேட்பவர்களுக்குப் பக்கம் என்று ஒன்று கிடையாது. பெயர்களை ஒரு தாளில் உறவுமுறையோடு எழுதிக் கேட்பவர்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அவர்களால் முன்னால் புரட்டிப் பார்க்க முடியாது. கால அவகாசத்தையும் யோசித்து வையுங்கள். ஆங்கில ஒலிநூல்களில் மணிக்குச் சுமார் 9,000 சொற்கள் என்பது பொதுவான கணக்கு. தொண்ணூறாயிரம் சொல் கொண்ட நாவல் பத்து மணி நேரம் ஓடும். தமிழில் சொற்கள் நீளமானவை, விகுதியும் உருபும் ஒட்டிக்கொண்டே வரும், அதனால் ஒரு மணி நேரத்துக்கு வரும் சொற்கள் இன்னும் குறையும். அந்தப் பத்து மணி நேரத்தை ஒரு வாரத்தில் கேட்டுவிடலாம் என்று அச்சில் படிப்பவர்கள் முடிவு செய்துவிடக் கூடாது.

பாதியில் வைப்பதற்கு அனுமதி வேண்டும். வாய்விட்டுச் சொன்ன அனுமதி. நான்சி பேர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: ஐம்பது வயது வரை ஒரு புத்தகத்துக்கு ஐம்பது பக்கம் கொடுங்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, அத்தனை பக்கம் கொடுத்தால் போதும். எழுபது வயதுக்காரர் முப்பது பக்கத்தில் வைத்துவிடலாம். ஒலிநூலில் ஐம்பது பக்கம் என்பது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும், அது ரொம்ப அதிகம். நான் முக்கால் மணி நேரம் கொடுக்கிறேன். குரல் ஒத்துவரவில்லை என்றால் அதற்கு முன்பே நிறுத்திவிட்டு, அதே நூலை அச்சில் தேடுகிறேன். நல்ல புத்தகத்தைத் தவறான குரலுக்காக இழந்துவிடக் கூடாது.

அதே போல, சொன்ன பிறகு "படிச்சாச்சா?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்து பரிந்துரைகளைக் கொல்லும் ஒரே கேள்வி இதுதான். முதல் முறை கேட்டால் சங்கடம், இரண்டாம் முறை கேட்டால் அந்தப் புத்தகம் கடனாகிவிடுகிறது, அப்புறம் அவர் உங்களைப் பார்த்தாலே அந்தப் புத்தகம்தான் நினைவுக்கு வரும். சொல்லிவிட்டு மறந்துவிடுங்கள். சில புத்தகங்களை எனக்குச் சொன்னவர்கள் சொல்லிப் பல வருடம் கழித்துத்தான் எடுத்திருக்கிறேன், அதற்கான நாள் அப்போதுதான் வந்தது. அதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். புத்தகத்தின் பெயரோடு யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று ஒரு வரி. எடுத்துப் படிக்கும்போது அந்த ஒரு வரி என்னோடு கூடவே உட்கார்ந்திருக்கும். முடித்ததும் சொன்னவரிடம் போய்ச் சொல்வேன், எந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று. பிடிக்கவில்லை என்றாலும் சொல்வேன், எந்த இடத்தில் கைவிட்டேன் என்று. அடுத்த முறை அவர் எனக்குச் சொல்லும் புத்தகம் கட்டாயம் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

கடைசியாக, பார்வை மங்கிக்கொண்டு வரும் உங்கள் நண்பர். அவருக்காகத்தான் இந்தப் பதிலை எழுதவே உட்கார்ந்தேன்.

பார்வை முழுசாகப் போகும்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே காதைப் பழக்கத் தொடங்கட்டும். கேட்பதும் ஒரு பயிற்சிதான். முதல் சில வாரம் மனது அலையும், பின்னால் போய்க் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டத்தில் பலர் "எனக்கு இது சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். கண்ணால் பின்தொடர முடிகிற இந்த நாட்களிலேயே, பெரிய எழுத்தில் ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே கேட்டால் அந்தக் கட்டம் சீக்கிரம் கடந்துவிடும். தொடக்கத்துக்கு அவர் முன்பே படித்து நேசித்த புத்தகம் ஒன்றைக் கொடுங்கள்.

டெய்சி என்ற ஒலிநூல் வடிவத்தைப் பற்றி அவருக்குச் சொல்லுங்கள். பார்வையற்ற வாசகர்களுக்கான நூலகங்கள் சேர்ந்து 1996-ல் இதற்கான கூட்டமைப்பை அமைத்தன. அத்தியாயம், பக்கம், தலைப்பு என்று தாவிப் போகலாம், விட்ட இடத்தில் அடையாளம் வைக்கலாம். சாதாரண ஒலிக்கோப்பில் இல்லாத சௌகரியம் இது. 2013-ல் மரகேஷ் உடன்படிக்கை என்று ஒன்று கையெழுத்தானது, 2016 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கு ஏற்ற பிரதிகளைப் பதிப்புரிமையாளரின் தனி அனுமதி இல்லாமலே உருவாக்கவும், அதற்கென்று உள்ள அமைப்புகள் நாடு விட்டு நாடு அனுப்பிக்கொள்ளவும் அது வழிசெய்கிறது. இப்படிப்பட்ட நூலகம் ஒன்றில் அவரைச் சேர்த்துவிடுவதுதான் நீங்கள் செய்யக்கூடிய முதல் வேலை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்களும் இன்னும் பலவும் மின்னெழுத்தாகவே கிடைக்கின்றன. போனிலுள்ள வாசிப்புக் குரலில் அவற்றைக் கேட்கலாம். உரைநடைக்கு அது ஓரளவு போதும். செய்யுளுக்கு மனிதக் குரல்தான் வேண்டும்.

அந்த மனிதக் குரல் உங்கள் ஏழு பேரில் ஒருவருடையதாக இருக்கலாம். போன் போதும், சின்ன அறை, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வாசிக்கும் முன் அத்தியாயத்தை ஒருமுறை மனதுக்குள் படித்து, யார் எங்கே பேசுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். சொல் தடுக்கினால் பதற வேண்டாம், அந்த வாக்கியத்தை முதலிலிருந்து திரும்ப வாசித்தால் போதும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு, பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள், அப்போதுதான் வரிசை மாறாமல் ஓடும். ஏழு பேரும் ஆளுக்கொரு அத்தியாயம் வாசித்தால் குரல் மாறுமே என்று தயங்க வேண்டாம். அவருக்கு அந்த ஏழு குரலும் தெரியும்.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். அவர் கடைசியாக முழுசாகப் படித்து முடித்தது எது, பாதியில் வைத்தது எது, எந்த இடத்தில் வைத்தார், அது கண்ணால் வந்த சிரமமா புத்தகத்தால் வந்ததா என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். மூன்று பெயர் சொல்கிறேன்.